உன் அக்காள் சைக்கிளைக் கொண்டு வருகிறாள்

மல்லசமுத்திரம்
20.11.1988

நாக்பூர் ஆசுபத்திரியில் ஊசியைக் காட்டியே காய்ச்சலை விரட்டுகிற என் கொழுந்தியாள் ராசாத்தி அம்மிணிக்கு, உன் மாமன் மயில்சாமி எழுதுவது. நான் நலம். லாரி நலம். எருமை நலம். உன் அக்காள் சௌந்திரம் எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்க மாட்டாய். கேட்காவிட்டாலும் சொல்லி வைக்கிறேன், நலமாகவே இருக்கிறாள். என்னைத் திட்டுகிற சத்தம் இரண்டு தோட்டம் தாண்டிக் கேட்கிறது.

சகலை மாரியப்பன் போன தடவை நான் அங்கே வந்தபோது டீசல் பம்பைக் கழற்றி மாட்டிக் கொடுத்ததிலிருந்து வண்டிக்கு வயது குறைந்துவிட்டது. தொப்பூர் ஏற்றத்தில் முக்கி முனகுகிற வண்டி இப்போது பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுகிறது. யார் பார்த்த வேலை என்று உன் அக்காள் கேட்டாள். வடக்கே ஒரு மெக்கானிக் என்றேன். இஞ்சினை ஓட விட்டுக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "கை சுத்தமான ஆளாட்ட இருக்குது" என்றாள். இதைச் சகலையிடம் சொல்லாதே. ஏற்கெனவே அவருக்கு மீசை பெரிசு.

இங்கே மழை பரவாயில்லை. மரவள்ளி நன்றாக இறங்கியிருக்கிறது. ஜவ்வரிசி ஆலைகள் எல்லாம் ஓடுகின்றன. மார்கழியில் வடக்கே போக லோடுக்குப் பஞ்சமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கையில் டம்ளர் இருந்தால் கீழே வைத்துவிட்டுப் படி.

போன செவ்வாய்க்கிழமை உன் அக்காள் எருமைக்குக் கயிறு வாங்கப் போகிறேன் என்று தனியாகச் சேலம் பஸ் ஏறினாள். பொழுது சாயத் திரும்பி வந்தாள். பஸ் மேலிருந்து கண்டக்டரும் இன்னொருவரும் சேர்ந்து ஒரு ஜந்துவை இறக்கினார்கள். எருமைக்கன்று உயரம். சக்கரம் இரண்டும் குட்டி, டயர் மட்டும் டிராக்டர் டயர்போல முள்முள்ளாக இருக்கிறது. மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, மணி இல்லை. ஹேண்டில்பார் கிடாய்க் கொம்பு மாதிரி மேலே எழும்பி நிற்கிறது. விழுந்தால் அடிபடக் கூடாது என்று கம்பிக்கு மெத்தை கட்டியிருக்கிறார்கள். முன்னால் லாரி நம்பர் பிளேட் மாதிரி ஒரு மஞ்சள் பலகை, அதில் எழுத்து ஒன்றும் இல்லை. பி.எம்.எக்ஸ். சைக்கிளாம். சேலத்தில் பெரிய இடத்துப் பிள்ளைகள் இப்போது இதைத்தான் கேட்டு அழுகிறார்களாம்.

எங்கள் வீட்டில் பிள்ளை இல்லை என்பது ஊருக்கே தெரியும். அதனால் ஊரே வந்து பார்த்தது. இது எதற்கு என்று பக்கத்துத் தோட்டத்துக் குஞ்சம்மாள் கேட்டதற்கு, எருமை மேய்க்கப் போக வரத்தான் என்றாள் உன் அக்காள். சைக்கிளில் போய் எருமை மேய்த்த ஆளை இந்தத் தாலுக்காவில் யாரும் பார்த்ததில்லை. எனக்காகவா வாங்கினாய் சௌந்திரம் என்று நான் கேட்டேன். "உங்களுக்குன்னா டயரு தாங்குமாங்க" என்று சொல்லிவிட்டு அதைப் பழைய சேலை போட்டு மூடிவிட்டாள்.

யாருக்கு என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இந்த எட்டு வருடமாக எங்கள் குடும்பம் இப்படித்தான் நடக்கிறது. நீ மாரியப்பனோடு போன அன்றைக்கு, இனி அந்தப் பேச்சு இந்த ஊட்டுல ஆகாது என்று ஒரு சட்டம் போட்டாள். ஆள் நல்லவன், சாதிசனம்தான் வேறு. அந்த ஒன்றுக்காகப் போட்ட சட்டம். சட்டம் சட்டமாக இருக்கிறது. ஆனால் நான் நாக்பூரில் லோடு இறக்கிவிட்டு வந்தால், குளிக்க வெந்நீர் விளாவிக்கொண்டே, "அங்க குளிருங்களா" என்று கேட்பாள். சித்திரை வெயிலில் கருகிப்போய் வந்தாலும் இதே கேள்விதான். குளிரில்லை, எல்லாம் சௌகரியமாக இருக்கிறது என்பேன். அன்றைக்குச் சோற்றோடு கறிக்குழம்பு கிடைக்கும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் உனக்குக் குழந்தை பிறந்ததைக்கூட நான் அவளிடம் சொல்லவில்லை, எருமையிடம்தான் சொன்னேன். தவிடு கலக்கிக்கொண்டே, நெற்றியும் மூக்கும் அப்படியே என் மாமனாரை உரித்து வைத்திருக்கிறது என்று சத்தமாகச் சொன்னேன். எருமை தலையை ஆட்டியது. அடுப்படியில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றுபோனது. அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நேற்றுச் சோறு போடும்போது, அடுத்த வடக்கு லோடு எப்போது என்று கேட்டாள். மார்கழி பிறந்ததும், நாக்பூருக்கு ஜவ்வரிசி என்றேன். "நானும் வாரேனுங்க. சைக்கிளை உங்ககிட்டக் குடுத்துட்டா ஹேண்டலைக் கோணையாக்கிப் போடுவீங்க" என்றாள். யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்று அவள் சொல்லவில்லை. ரசம் ஊற்றச் சொன்னேன். தட்டைப் பிடிக்காமல் அவள் முகத்தையே பார்த்ததில் பாதி ரசம் தரையில் போயிற்று.

அம்மிணி, ஓமலூரைத் தாண்டாதவள் உன் அக்காள். லாரியில் பொம்பளை வந்தால் ஆகாது என்று சொல்கிற டிரைவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மோகனூர்க் கந்தப்பன் வண்டியும் என் வண்டியும் சேர்ந்துதான் வடக்கே போகும், உனக்கே தெரியும். அவரிடம் பயந்து பயந்து சொன்னேன். "சௌந்திரக்கா வந்தா வழியெல்லாம் நல்ல சோறு, கூட்டிட்டு வாங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

இப்போதே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். ஸ்டவ், ராகி மாவு, பருப்புப் பொடி, எள்ளுருண்டை. ஆதிலாபாத் தாண்டினால் பல் தந்தியடிக்கும் என்று சொன்னதால் கம்பளி. சைக்கிளைக் கேபின் மேலே கட்டிவிடலாம் என்றேன். பனியில் துருப்பிடிக்கும் என்கிறாள். மூட்டைகளுக்கு மேல் தார்ப்பாய்க்குள் போட்டுவிடலாம் என்றேன். நசுங்கும் என்கிறாள். அவள் உட்காரும் இடத்தில் கால் பக்கம் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வருவாளாம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிடித்துக்கொண்டு வருவாயா என்று கேட்டதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தாள். உன் கல்யாணப் பேச்சை நான் எடுத்தபோது பார்த்த அதே பார்வை.

அவள் வரட்டுமா வேண்டாமா என்று நீ ஒரு வார்த்தை எழுது. வீட்டு விலாசம் வேண்டாம், நாமக்கல் லாரி ஆபீசுக்கு எழுது. குழந்தைக்கு என் முத்தம், குத்தாமல் இருக்க மீசையை ஒதுக்கிக்கொண்டு கொடுத்ததாகச் சொல்.

உன் மாமன்
மயில்சாமி


மல்லசமுத்திரம்
9.12.1988

அன்பும் கோபமும் சம அளவில் உடைய ராசாத்திக்கு,

உன் கடிதம் லாரி ஆபீசில் கிடைத்தது. உன் ஆசுபத்திரிக் கிறுக்கலை நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் என்று தெரிந்தும் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். திட்டுவதைச் சுருக்கமாகத் திட்டினால் என்னைப் போன்ற மூன்றாம் வகுப்புக்காரனுக்கு வசதியாக இருக்கும்.

அவளைக் கூட்டி வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். "என்னைச் செத்தவளாக நினைத்துத் தலை முழுகினவளுக்கு இப்போது எப்படி உயிரோடு வந்தேன்" என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. கிணற்றடியில் அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டது பொய்யில்லை. உனக்குப் பிரசவ வலி எடுத்த அன்று பக்கத்தில் நம் ஜனம் ஒருத்தரும் இல்லை என்பதும் பொய்யில்லை. உன் கோபத்தைக் குறைத்துக்கொள் என்று நான் சொல்லப் போவதில்லை. நான் என்ன கண்டேனோ அதை மட்டும் எழுதுகிறேன். படித்துவிட்டு அப்புறமும் வேண்டாம் என்றால் வேண்டாம்.

போன திங்கட்கிழமை வடக்குப் பயணத்துக்கு முன்னால் வண்டிக்குப் பெயிண்ட் தொடலாம் என்று நாமக்கல் பட்டறைக்கு எடுத்துப் போனேன். உன் அக்காளும் ஏறிக்கொண்டாள், சைக்கிளும் ஏறிக்கொண்டது. பெயிண்டர் தண்டாயுதபாணியை உனக்கு நினைவிருக்கும். வண்டியின் நெற்றியில் ராசாத்தி என்று ரோஜாப்பூவெல்லாம் போட்டு எழுதியவன் அவன்தான். நீ வீட்டை விட்டுப் போன அதே வாரத்தில் அவள் பக்கத்தில் நின்று அதை அழிக்கச் சொல்லி, முருகன் துணை என்று எழுத வைத்ததும் அவன் கையால்தான். இந்தத் தடவை சைக்கிளின் மஞ்சள் பலகையைக் காட்டி, இதில் பேர் எழுத வேண்டும் என்றாள். "என்ன பேருங்க அக்கா" என்று அவன் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு கேட்டான்.

அவளுக்குப் பேர் தெரியாது.

பட்டறையில் தகரம் தட்டுகிற சத்தம் காதைக் கிழிக்கிறது. இவள் பலகையைப் பார்க்கிறாள், பெயிண்ட் டப்பாவைப் பார்க்கிறாள், தரையைப் பார்க்கிறாள். அவன் இரண்டாம் தடவை கேட்டான். அப்போதுதான் என் பக்கம் திரும்பி, "அந்தப் பையன் பேரு என்னுங்க" என்றாள்.

எட்டு வருடச் சட்டம் அந்த இடத்தில் உடைந்தது அம்மிணி. பையன் இல்லை சௌந்திரம், பொட்டப்புள்ளை என்றேன். மாமனார் மூக்கு என்று நான் எருமையிடம் சொன்னதைக் கேட்டு, பையன் என்று அவளாகவே முடிவு கட்டி, இத்தனை வருடமும் மனசுக்குள் ஒரு பையனை வளர்த்திருக்கிறாள். அவனுக்குத்தான் இந்த முள் டயர் சைக்கிள்.

ஏமாந்து போவாள் என்றுதான் நினைத்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? குனிந்து சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அப்படின்னா இது ஆகாதுங்க. செயின் தொறந்து கெடக்குது. பாவாடை கட்டுற புள்ள, மாட்டிக்கிட்டா உளுந்து போயிரும்" என்றாள். அதே கையோடு தகர வேலைக்காரர் கருப்பண்ணனைக் கூப்பிட்டு, லாரி பாடிக்கு அடிக்கிற தகரத்தில் அந்தக் குட்டிச் சைக்கிளுக்குச் செயின் மூடி அடிக்கச் சொன்னாள். இதுவரை அவர் அத்தனை சின்ன வேலை பார்த்ததில்லையாம். ஓரம் கையைக் கிழிக்கும் என்று மூன்று தடவை திருப்பிக் கொடுத்து அரத்தால் ராவ வைத்தாள். கடைசியில் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள். சீட்டை இறக்கச் சொன்னாள். முள் டயரை மட்டும் மாற்ற வேண்டாம் என்றுவிட்டாள். பொட்டப்புள்ளை என்றால் ரோடு நன்றாகவே இருக்குமா என்ன, அதுவே கிடக்கட்டும் என்றாள்.

அப்புறம் பேரைச் சொன்னேன். சென்னியம்மாள் என்றேன்.

உங்கள் அம்மா பேர். நீ யோசித்துத்தான் வைத்திருப்பாய். அந்தப் பேரைக் கேட்டதும் அவள் லாரிக்குப் பின்னால் போய்விட்டாள். நான் போகவில்லை. ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, எழுத்து சிறிது கோணினாலும் அழித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும் என்று தண்டாயுதபாணியை மிரட்டினாள். காலடியில் எங்கேயும் அந்தப் பேர் வரக் கூடாது, மேலே பலகையில்தான் இருக்க வேண்டும் என்றாள். நாக்பூரில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ் படிக்க வருமா என்று நான் கேட்டேன்.

"அவங்கம்மா படிச்சுச் சொல்லுவாளுங்க" என்றாள்.

எட்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து உன்னைப் பற்றி வந்த முதல் வார்த்தை அதுதான். கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில் கட்டிலில் ஆளைக் காணோம். களத்தில் ஏதோ சத்தம். வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நாற்பத்து நாலு வயது சௌந்திரம், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, அந்தக் குட்டிச் சைக்கிளில் முழங்கால் இரண்டும் காதைத் தொட உட்கார்ந்து களத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். பிரேக் பிடிக்கிறதா என்று சோதனையாம். ஓடி வந்து பிரேக்கைப் பிடிப்பாள், நிறுத்துவாள், கால் ஊன்றுவாள், தலையை ஆட்டிக்கொள்வாள், மறுபடி ஏறுவாள். பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. ஒரு தடவை அளவுக்கு மேல் பிடித்ததில் சைக்கிள் நின்றுவிட்டது, அவள் நிற்கவில்லை. எருமைக்குப் போட வைத்திருந்த கடலைப்பொட்டுக் குவியலில் போய் விழுந்தாள். எழுந்து முதலில் சைக்கிளுக்கு அடிபட்டதா என்று பார்த்தாள். அப்புறம்தான் முழங்கையைப் பார்த்தாள். காலையில் என்ன காயம் என்று கேட்டேன். எருமை முட்டிவிட்டது என்றாள். பாவம் எருமை, எங்கள் வீட்டில் எல்லாப் பழியும் அதற்குத்தான்.

நான் முப்பது வருடமாக லாரி ஓட்டுகிறேன். தைரியசாலிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். கணவாயில் பிரேக் இல்லாமல் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தினவனைப் பார்த்திருக்கிறேன். அந்த விடிகாலையில் களத்தில் பார்த்தது மாதிரி ஒருத்தரைப் பார்த்ததில்லை. என் பெண்டாட்டி என்பதால் சொல்லவில்லை. பெண்டாட்டி என்பதால் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

அவள் வர வேண்டாம் என்று நீ எழுதியதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். 23ஆம் தேதி காலை லோடு ஏறுகிறது. ஒரே ஒரு உதவி கேட்கிறேன். அந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை உயரம் இருப்பார்கள் என்று நேற்று என்னிடம் பொதுவாகக் கேட்டாள். சீட்டை எவ்வளவு இறக்குவது என்று புரியாமல் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறாள். உனக்கு எழுத மனமில்லாவிட்டால் எழுத வேண்டாம். உயரத்தை மட்டும் தெரிவி.

எங்கள் கல்யாணத்தில் மணவறையில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து தேங்காய்ச் சில்லு தின்றவள் நீ. அன்றைக்கு நான் கட்டியது ஒரு தாலி, கிடைத்தது ஒரு பெண்டாட்டியும் ஒரு பிள்ளையும். அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு
திட்டு வாங்கவே பிறந்த
மயில்சாமி


ஆதிலாபாத்
27.12.1988

அருமை ராசாத்திக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிறவர் கந்தப்பன். நிர்மல் மலைப்பாதையில் என் வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை முறிந்துவிட்டது. இங்கே பட்டறையில் போட்டிருக்கிறேன். நாளை மத்தியானத்துக்குள் நாக்பூர் வந்துவிடுவேன். அவர் வண்டி முன்னால் போவதால், தபாலைவிட வேகமாக இருக்கட்டும் என்று கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவருக்கு ஒரு டீ கொடு. சர்க்கரை குறைவாகப் போடு, கேட்டாலும் போடாதே.

நீ அனுப்பிய உறை நாங்கள் கிளம்புவதற்கு முதல் நாள் கிடைத்தது. பிரித்தேன். கடிதம் இல்லை. ஒரு வெள்ளை நூல் மட்டும் சுருட்டி வைத்திருந்தாய், நடுவில் ஒரு முடிச்சு. ஒரு வார்த்தைகூட இல்லை. சரி, மாமன் படிக்கத் திணறுவான் என்று இரக்கப்பட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். அதை உன் அக்காளிடம் கொடுத்தேன். எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. நூலைத் தரையில் நீட்டி, முடிச்சு வரைக்கும் கால் உயரம், முழு நீளம் ஆள் உயரம் என்று தானாகவே கண்டுபிடித்தாள். சீட்டை அளந்து வைத்தாள். அப்புறம் அந்த நூலைச் சுவரோடு நிறுத்தி உயரத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். இப்போது அது அவள் சுருக்குப்பையில் இருக்கிறது.

வழியில் நடந்ததை எல்லாம் எழுதக் காகிதம் போதாது. அனந்தபூர் தாண்டி ஒரு செக்போஸ்டில், சைக்கிளுக்குக் கணக்குக் கேட்டான் ஒருவன். இவள் நம் பேச்சிலேயே, "ஏஞ்சாமி, உம்பட ஊட்டுல புள்ளைங்க இல்லியா" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினாள். அவனுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. கடைசியில் எள்ளுருண்டையை வாங்கிக்கொண்டு கும்பிட்டு அனுப்பிவிட்டான். வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கி டயரைக் கம்பியால் தட்டிக் காற்றுப் பார்க்கிறாள். மற்ற டிரைவர்கள் அக்கா சோறு ஆச்சுங்களா என்று தட்டோடு வந்து நிற்கிறார்கள். கர்னூல் ஆற்றைப் பார்த்து, நம் காவிரியைவிடப் பெரிதாக இருக்கும் போலிருக்கிறதே என்று காவிரிக்கரை மோகனூர்க்காரரான கந்தப்பனிடமே சொல்லி அவர் மனதைப் புண்படுத்தினாள்.

சொன்னபடியே சைக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். குளிர் ஆரம்பித்ததும் கம்பளியை எடுத்தாள். எனக்குப் போர்த்தப் போகிறாள் என்று நினைத்துத் தோளைக் காட்டினேன். சைக்கிளுக்குப் போர்த்தினாள். நான் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஓட்டினேன்.

இப்படி வந்தவள்தான் அம்மிணி, நேற்று நாக்பூர் என்று எழுதிய மைல்கல்லைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எது நாக்பூர்க் கல் என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு கல்லுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்தாள். இன்று காலை டீக் கடையில், டீயைக் குடிக்காமல் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்.

"ஏனுங்க, நான் வண்டியிலயே இருந்துக்கறேன். சைக்கிளை நீங்க குடுத்துட்டு வந்துருங்க. எந்த மூஞ்சியெ வெச்சுட்டு அவ வாசல்ல போய் நிக்கறது?"

இத்தனை தூரம் வந்துவிட்டு இப்படிச் சொல்லலாமா என்று நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். கேலி பண்ணினேன், கோபித்தேன், ஊருக்குத் திரும்பிப் போய்விடலாம் என்றுகூட மிரட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அவளை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இறங்க மாட்டேன் என்றால் இறங்க மாட்டாள். உன் வீட்டு வாசலுக்கு என்னால் சைக்கிளைத்தான் கொண்டு வர முடியும், அவளைக் கொண்டு வர முடியாது.

நீயும் அவளைத் தேடி வர மாட்டாய் என்று தெரியும். நீ வர வேண்டியதும் இல்லை, அவள்தான் வர வேண்டும். நானும் அதைத்தான் சொல்வேன், யார் கேட்டாலும். ஆனால் நியாயத்தை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றால் நடுவில் அந்தக் குழந்தைக்கு ஒரு பெரியம்மா இல்லாமலே போய்விடும்.

அதனால் இப்படிச் செய்யலாமா என்று யோசித்தேன். இத்வாரி மண்டியில் லோடு இறக்கியதும், கிடங்குக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில்தான் வண்டியை நிறுத்துவேன். சகலைக்கு இடம் தெரியும். நாளைக்கு நாலு மணிக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு அங்கே வா. அக்காளைப் பார்க்க வந்ததாக இருக்க வேண்டாம், மாமனைப் பார்க்க வந்ததாக இருக்கட்டும். கேபினை அண்ணாந்து பார்க்க வேண்டாம். பேச வேண்டாம், அழ வேண்டாம், பழையதைக் கேட்க வேண்டாம். நான் சைக்கிளை இறக்கிக் கொடுக்கிறேன். குழந்தையை ஏறி ஓட்டச் சொல்.

புதுச் சைக்கிள், ஓட்டத் தெரியாத பிள்ளை. பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூட ஓட ஒரு ஆள் வேண்டும். எனக்கு இடுப்பு வலி என்று சொல்லிவிடுவேன். நீ சேலை புதுசு என்று சொல்லிவிடு. சகலையை வரவே வேண்டாம் என்று சொல். குழந்தை ஏறட்டும், ஆடட்டும், ஒரு பக்கம் சாயட்டும். மேலே கேபினில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் சௌந்திரம். தாயில்லாத நாலு வயதுப் பிள்ளையான உன்னை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள்.

நீ குழந்தையோடு வந்து நின்றால் போதும் சாமி. இறங்குவதை அவள் பார்த்துக்கொள்வாள்.

உன் மாமன்
மயில்சாமி